பராக்குப் பார்க்கும் மனசுக்கு இரண்டு நிமிடப் பயிற்சி: பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு

"கண்ணை மூடு. மனசை ஒருநிலைப்படுத்து. எதையும் நினைக்காதே."

பள்ளிக்கூடத்தில் தியானம் என்றால் பெரும்பாலும் இந்த மூன்று கட்டளைகள்தான். கவனம் நிற்காத பிள்ளைகளுக்கு மூன்றுமே தப்பு. கண்ணை மூடினால் பார்க்க ஒன்றும் இல்லாமல் போய் நினைப்பு இன்னும் வேகமாக ஓடும். பயந்த சுபாவம் உள்ளவர்களுக்குக் கண்ணை மூடியதும் தங்கள் நெஞ்சு அடிப்பதே பெரிதாகக் கேட்கும். எதையும் நினைக்காமல் இருக்க யாராலும் முடியாது. ஆனால் நாளெல்லாம் "கவனி, கவனி" என்று திட்டு வாங்கும் பிள்ளை, தன்னால் மட்டும்தான் முடியவில்லை என்று அரை நிமிடத்தில் முடிவு கட்டிவிடும். ஏற்கெனவே ஆறு பாடம் இருக்கிறது. தோற்பதற்கு ஏழாவதாக ஒன்றைக் கொடுத்த கதைதான்.

இங்கே சொல்லப்போவது மைண்ட்ஃபுல்னஸ் பயிற்சி. அதற்குத் தமிழில் மனவிழிப்பு, கவனத்தோடு இருத்தல் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் எதுவானாலும் செய்முறை ஒன்றுதான். சாதாரணமான ஏதாவது ஒன்றில், பாதத்திலோ சத்தத்திலோ மூச்சிலோ, கவனத்தை வைக்க வேண்டும். அது ஓடிப்போகும். ஓடிப்போனது கொஞ்ச நேரம் கழித்துத் தெரியவரும். தன்னைத் திட்டிக்கொள்ளாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும். அந்தத் திரும்பல்தான் பயிற்சி. தண்டால் எடுக்கும்போது கீழே போய் மேலே வந்தால் ஒன்று என்று எண்ணுகிறோம். கீழே போனதற்காக யாரும் வருத்தப்படுவதில்லை. இரண்டு நிமிடத்தில் பதினைந்து தடவை ஓடிப்போய்ப் பதினைந்து தடவை திரும்பிய பிள்ளை பதினைந்து தண்டால் எடுத்திருக்கிறது. இதை முதல் நாளே இதே கணக்கில் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால் மூன்றாம் நாள் "எனக்கு வராது" என்ற பதில்தான் வரும்.

ஜான் கபட்-ஜின் 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய பயிற்சிதான் இன்றைய பெரும்பாலான முறைகளுக்கு மூலம். எட்டு வாரம், வீட்டில் தினமும் 45 நிமிடம் அளவில் பயிற்சி என்பது அதன் அமைப்பு. நாள்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த பெரியவர்களுக்காக அவர் வகுத்தது அது. அதை அப்படியே எடுத்து, டியூஷன் முடிந்து எட்டு மணிக்கு வீடு திரும்பும் பிள்ளை தலையில் கட்டக் கூடாது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தைச் சேர்ந்தவர்கள் 2008இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடு உள்ள 24 பெரியவர்களும் 8 பதின்வயதினரும் கலந்துகொண்டார்கள். அங்கே உட்காரும் நேரத்தை 5 நிமிடத்தில் தொடங்கி, வாரங்கள் செல்லச் செல்ல 15 நிமிடம்வரை கொண்டுபோனார்கள். உட்கார முடியாதவர்களுக்கு நடைப் பயிற்சி இருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத ஆய்வு என்பதால் அதன் பலனை அளவுக்கு மீறிப் பேசக் கூடாது. ஆனால் குறைந்த நேரம், அசைவுக்கு இடம் என்ற அந்த இரண்டு மாற்றங்களும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தக்கவை.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது

கவனச் சிதறலும் பதற்றமும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். இரண்டிலும் புத்தகம் விரித்தபடி இருக்க, பிள்ளை எங்கேயோ இருக்கும்.

கவனக் குறைபாடு சின்ன வயதிலிருந்தே கூட வருவது. பன்னிரண்டு வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்தனவா என்றுதான் மருத்துவர்கள் முதலில் கேட்பார்கள். மாதம் ஒரு தண்ணீர் பாட்டில் தொலையும். மூன்று வேலை சொன்னால் முதல் வேலை மட்டும் நடக்கும். பிடித்த விஷயத்தில் இரண்டு மணி நேரம் அசையாமல் இருப்பதும் இதில் உண்டு. அதைப் பார்த்துத்தான் "வேணும்னே பண்றான்" என்ற பழி வருகிறது. துறுதுறுவென்று இருக்கும் பையனைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண் பிள்ளையைப் பலமுறை ஒன்பதாம் வகுப்புவரை யாரும் கவனிப்பதில்லை.

பதற்றம் வேறு மாதிரி. டெஸ்ட் அன்று காலையில் வயிற்றைக் கலக்கும். எழுதியதை அழித்து அழித்து எழுதும். "இது சரிதானே?" என்று நாலு தடவை கேட்கும். இரண்டும் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் நிறைய. கவனம் போனதால் தப்பு, தப்பால் திட்டு, திட்டால் பயம், பயம் மிச்சமிருந்த கவனத்தையும் தின்றுவிடும்.

பயிற்சிக்கு முன் சில சின்னச் சோதனைகளை முடித்துவிடுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாத பிள்ளையும், காது மந்தமான பிள்ளையும், ரத்தசோகையால் சோர்ந்திருக்கும் பிள்ளையும் "கவனமே இல்லை" என்ற பட்டத்தோடு திரிவதுண்டு. தூக்கத்தைக் கணக்கெடுங்கள்: 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் படுத்து நாலு மணிக்கு எழுப்பப்படும் பிள்ளைக்கு எந்த மனப்பயிற்சியும் வேலை செய்யாது. உட்கார்ந்த இடத்தில் தூங்கும், அது நியாயமும்கூட.

இது மருந்துக்கு மாற்றும் இல்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால், "இனிமேல் தியானமே போதும்" என்று நிறுத்திவிடாதீர்கள்.

இடம், நேரம், அளவு

பள்ளியிலிருந்து வந்து கைகால் கழுவி, ஏதாவது சாப்பிட்ட பிறகு, புத்தகத்தைத் திறப்பதற்கு முன்: இந்த இடைவெளிதான் நல்ல நேரம். "தினமும் ஆறு மணிக்கு" என்று வைத்தால் ஸ்பெஷல் கிளாஸ் வரும் முதல் நாளே அறுந்துபோகும். கடிகாரத்தோடு கட்டாமல், தினமும் தவறாமல் நடக்கும் ஒரு வேலையோடு கட்டுங்கள். கால் கழுவுவது அதற்குத் தோதானது, ஏனென்று கீழே வரும்.

முதல் வாரம் இரண்டு நிமிடம். இரண்டாவது வாரம் மூன்று. நாலாவது வாரம் ஐந்து. அதற்கு மேல் பிள்ளை தானாகக் கேட்டால் பார்த்துக்கொள்ளலாம். முரண்டு பிடித்தால் ஒரு நிமிடமாகக் குறையுங்கள், அடியோடு விட்டுவிடாதீர்கள். நேரம் பார்க்கச் சமையலறை டைமர் நல்லது. போனில் வைத்தால் மணி அடிக்கும் முன்பே வாட்ஸ்அப் கூப்பிட்டுவிடும். போன்தான் இருக்கிறது என்றால் அம்மாவுடைய போன், ஏரோப்ளேன் மோடில், எட்டாத தூரத்தில்.

பத்மாசனம் வேண்டாம். நாற்காலியில் இரண்டு பாதமும் தரையில் படிய உட்காரலாம். சுவரில் சாய்ந்து தரையிலும் உட்காரலாம். கண்ணைத் திறந்து, நாலடி தள்ளித் தரையைப் பார்த்தால் போதும். கை சும்மா இருக்காத பிள்ளையின் உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டையைக் கொடுங்கள், உருட்டிக்கொண்டே செய்யட்டும். கையை அடக்கினால் அந்த அடக்கும் வேலையிலேயே கவனமெல்லாம் செலவாகிவிடும்.

கூட நீங்களும் உட்காருங்கள், ஆனால் மேற்பார்வைக்கு இல்லை. உங்கள் பார்வை பிள்ளைமேல் இருந்தால் பிள்ளையின் கவனம் உங்கள்மேல்தான் இருக்கும். முடிந்ததும் "நல்லா பண்ணினியா?" என்று கேட்க வேண்டாம். "எங்கெங்க போயிட்டு வந்த?" என்று கேட்டுப் பாருங்கள். "கிரிக்கெட், கெமிஸ்ட்ரி ரெக்கார்டு, அப்புறம் தோசை" என்று சிரித்துக்கொண்டே சொன்னால் பயிற்சி சரியாக நடக்கிறது.

கோபத்தில் இருக்கும் பிள்ளையிடம் "கத்தாதே, போய் மூச்சுப் பயிற்சி பண்ணு" என்று ஒரே ஒரு தடவை சொன்னாலும் போதும். அன்றோடு அது தண்டனைக் கணக்கில் சேர்ந்துவிடும்.

பாதம்

முதல் வாரத்துக்கு இது மட்டும் போதும். மூச்சிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். ஆனால் பதற்றமுள்ளவர்களுக்கு மூச்சும் நெஞ்சும்தான் பயம் குடியிருக்கும் இடம். அங்கேயே போய் உட்காரச் சொல்லக் கூடாது. பாதம் நெஞ்சிலிருந்து வெகு தூரம், தரையும் அசையாது.

கால் கழுவிய ஈரத்தோடு, வெறும் காலில் நிற்க வேண்டும். வராந்தா, மொட்டை மாடி, கூடம் எதுவானாலும் பத்தடி நீளம் இருந்தால் சரி. மாடி என்றால் தளத்தைத் தொட்டுப் பாருங்கள். சித்திரையில் சாயங்காலம் ஐந்து மணிக்கும் சுடும். முதல் நடை சாதாரண வேகத்தில். பத்து எட்டு வைத்து நின்று, ஒரு மூச்சு விட்டு, திரும்ப வேண்டும். இரண்டாவது நடை பாதி வேகத்தில்: குதிகால் படுவது, நடுப்பாதம் படிவது, விரல் தள்ளுவது மூன்றையும் மனசுக்குள் "குதி, நடு, விரல்" என்று சொல்லிக்கொண்டு. சொற்கள் இருந்தால் கவனம் நழுவுவது சீக்கிரம் தெரியும். வாய் "குதி, நடு" என்று ஓட, மனசு வேறெங்கோ இருப்பதைப் பிள்ளையே பிடித்துவிடும். பிடித்ததும் அடுத்த எட்டிலிருந்து தொடரலாம். ஆரம்பத்துக்குப் போக வேண்டியதில்லை.

ரொம்ப மெதுவாக நடந்தால் தள்ளாடும், சிரிப்பு வரும். தம்பி தங்கை கிண்டல் செய்வார்கள். வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போதும் இருபது எட்டு இப்படிப் போகலாம். ரோட்டைக் கடக்கும்போது மட்டும் வேண்டாம்.

சத்தம்

இரண்டாவது வாரத்தில் சேர்க்கலாம். நம் வீடுகளில் அமைதியைத் தேடிக்கொண்டு போனால் பயிற்சியே நடக்காது, அதனால் சத்தத்தையே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஃபேன் கிறீச்சிடுவது, பக்கத்து வீட்டு குக்கர் விசில், தூரத்து பஸ் ஹாரன் என்று வரும் வரிசையில் கேட்க வேண்டும்; தேடிப் போகக் கூடாது. டிவி சீரியல் ஓடும் வீட்டில் இது பலிக்காது, ஏனென்றால் வசனம் கதைக்குள் இழுத்துக்கொண்டுவிடும். பேச்சு இல்லாத சத்தம் வேண்டும்.

மூச்சு, அதில் செய்யும் தப்பு

"ஆழமா மூச்சை இழு" என்ற அறிவுரைதான் அதிகம் கெடுப்பது. பயந்திருக்கும் பிள்ளை ஏற்கெனவே வேகவேகமாக மூச்சு வாங்குகிறது. அதற்கு மேலும் இழுத்து இழுத்து விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றும், விரல் நுனி மரமரக்கும், வாயைச் சுற்றி குறுகுறுக்கும். அதைப் பார்த்து "எனக்கு என்னமோ ஆகுது" என்று பயம் இரட்டிப்பாகும்.

இழுப்பதை விட்டுவிட்டு விடுவதைக் கவனியுங்கள். உள்ளே இழுக்கும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் கூடுவதும் வெளியே விடும்போது குறைவதும் இயல்பு. அதனால் வெளிமூச்சை நீட்டினால் உடம்பு தானாக இறங்கி வரும். மூக்கால் சாதாரணமாக மூன்று எண்ணும்வரை உள்ளே. உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதி ஆற்றுவது போல, ஐந்தோ ஆறோ எண்ணும்வரை வெளியே. பத்து மூச்சுக்கு ஒன்றரை நிமிடம் ஆகும். எண்ணிக்கை விட்டுப்போனால் ஒன்றிலிருந்து தொடங்கலாம். பத்தைத் தொடாமலே நேரம் முடிந்தாலும் குறையில்லை. மரமரப்பு வந்தால் உடனே நிறுத்தி, வழக்கமாக வரும் மூச்சுக்கு விட்டுவிட வேண்டும்.

மூச்சைக் கவனித்தாலே நெஞ்சை அடைக்கிறது என்று சொல்லும் பிள்ளைகள் உண்டு. அவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள். இடது கையை விரித்து, வலது ஆள்காட்டி விரலால் கட்டைவிரலிலிருந்து சுண்டுவிரல்வரை ஓரமாகத் தடவி ஏறி இறங்கச் சொல்லுங்கள். ஏறும்போது, இறங்கும்போது என்று மூச்சோடு சேர்க்கக்கூட வேண்டாம். கவனத்துக்குத் தொடுஉணர்ச்சி கிடைத்தால் போதும். பெஞ்சுக்கு அடியில் யாருக்கும் தெரியாமல் செய்யலாம் என்பது பதினாறு வயதில் பெரிய வசதி.

படிக்கும்போது

தனியாக உட்காரும் ஐந்து நிமிடம் ஒத்திகைதான். ஆட்டம் புத்தகத்தின் முன்னால்தான் நடக்கிறது. இந்தப் பகுதிக்கு முந்தையவற்றைவிட அதிகப் பொறுமை வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள். மூன்று நாள், ஒரே மாதிரிப் பாடத்தில், படிக்கத் தொடங்கியதிலிருந்து "அட, எங்கேயோ போயிட்டேன்" என்று முதல் தடவை தெரியவரும்வரை எத்தனை நிமிடம் என்று பிள்ளையே குறித்துக்கொள்ளட்டும். ஏழு, ஐந்து, ஒன்பது என்று வந்தால் சராசரி ஏழு. அதோடு இரண்டைக் கூட்டினால் ஒன்பது. அதுதான் ஒரு தவணை. 45 நிமிடம் படி, ஒரு மணி நேரம் படி என்று ஊரில் சொல்வதெல்லாம் இந்தப் பிள்ளைக்கான கணக்கில்லை. ஒன்பது நிமிடம் படித்து, மூன்று நிமிடம் எழுந்து நடந்து, திரும்ப ஒன்பது. வாரத்துக்கு இரண்டு நிமிடம் கூட்டிக்கொண்டே போனால் ஒன்றரை மாதத்தில் இருபதைத் தொடலாம். தொடாவிட்டால் பதினைந்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பதினைந்து நிமிடத் தவணை ஆறு என்றால் உண்மையான படிப்பு ஒன்றரை மணி நேரம்.

அந்த மூன்று நிமிடத்தில் போன் கூடாது. தண்ணீர் குடிக்கலாம், பால்கனியில் நிற்கலாம், பத்தடி நடக்கலாம். ஒரு ரீல் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன மனசு மூன்று நிமிடத்தில் திரும்பாது.

தவணைக்குள் இரண்டு கருவிகள் வேண்டும். முதலாவது, புள்ளி. ரஃப் நோட்டின் ஓரத்தில், கவனம் போனது தெரியவரும் ஒவ்வொரு தடவையும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, விட்ட வரிக்குத் திரும்ப வேண்டும். முதல் வாரத்தில் புள்ளிகள் ஏறும். பயப்படாதீர்கள். முன்பு பத்து நிமிடம் கழித்துத் தெரியவந்தது இப்போது இரண்டு நிமிடத்தில் தெரியவருகிறது, அதனால்தான் எண்ணிக்கை கூடுகிறது. இங்கேதான் பெற்றோர் சொதப்புவது வழக்கம்: நோட்டை வாங்கிப் பார்த்து, "நேத்து பதினொண்ணு, இன்னிக்கு பதினெட்டா?" என்று கேட்டுவிடுவார்கள். மறுநாளிலிருந்து புள்ளி இரண்டாகக் குறைந்துவிடும். கவனம் கூடவில்லை, பிள்ளை வைப்பதை நிறுத்திவிட்டது. அந்த ஓரம் பிள்ளையுடையது. எட்டிப் பார்க்காதீர்கள்.

இரண்டாவது, "அப்புறம்" தாள். ஏ4 தாளை நாலாகக் கிழித்த ஒரு துண்டு. படிக்கும்போது "ரெக்கார்டுல படம் வரையல", "மாமா பொண்ணு கல்யாணம் என்னிக்கு" என்று எது வந்தாலும் மூன்று சொல்லில் அதில் எழுதிவிட்டு உடனே திரும்ப வேண்டும். மறந்துவிடுவோமோ என்ற பயத்தில்தான் மனசு அதையே சுற்றிச் சுற்றி வருகிறது. எழுதி வைத்தால் விட்டுவிடும். தவணை முடிந்து பார்த்தால் பாதிக்கு மேல் அடித்துவிடக்கூடியதாகவே இருக்கும். பெரிய தாள் கொடுக்காதீர்கள், கதை எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

வாய்விட்டுப் படிக்கும் நம் பழைய வழக்கம் இந்தப் பிள்ளைகளுக்கு நல்லது. வரிக்குக் கீழே பென்சில் நகர வேண்டும். ஒவ்வொரு பத்தியும் முடிந்ததும் ஒரு வெளிமூச்சு, பிறகு புத்தகத்தைப் பார்க்காமல் ஒரு வாக்கியம். வாக்கியம் வரவில்லை என்றால் அந்தப் பத்தி கண்ணில் மட்டும் போயிருக்கிறது. மூன்று பக்கம் கடந்து கண்டுபிடிப்பதற்கு ஒரு பத்தியில் கண்டுபிடித்தது லாபம்.

பயம் பேச ஆரம்பிக்கும்போது

"நான் ஃபெயில் ஆயிடுவேன்" என்ற நினைப்போடு வாதாடாதீர்கள். "அதெல்லாம் ஆக மாட்டே" என்று நீங்கள் சொன்னால் மனசு பத்து ஆதாரம் எடுத்து வைக்கும். பெயர் மட்டும் வைக்கச் சொல்லுங்கள்: "'ஃபெயில் ஆயிடுவேன்'னு ஒரு நினைப்பு வருது." அந்தக் கடைசி மூன்று சொற்களில் கொஞ்சம் இடைவெளி கிடைக்கிறது. பழகிய பிறகு ஒரே சொல் போதும்: பயம், திட்டம், பழசு. "பழசு" என்பது போன மாதம் யாரோ சொன்ன பேச்சு திரும்ப ஓடுவது. பெயர் வைத்ததும் பாதத்துக்கோ வரிக்கோ திரும்பிவிட வேண்டும். பெயரைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தால் அதுவே புதுக் கவலை.

பெயர் வைத்தாலும் பயம் போகாது. கூட உட்கார்ந்திருக்கும். அது இருக்கும்போதே அடுத்த வரியைப் படிக்கலாம் என்று பிள்ளை கண்டுகொண்டால் இந்தப் பயிற்சியில் பாதி முடிந்தது.

வகுப்பாசிரியர்களுக்கு

மொத்த வகுப்பையும் உட்காரவைத்து நடத்த வேண்டும் என்று தோன்றும். பிரிட்டனில் 85 பள்ளிகளில், 11 முதல் 14 வயதுள்ள 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களோடு நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. எல்லோருக்கும் பாடமாக நடத்திய மைண்ட்ஃபுல்னஸ், பள்ளிகள் ஏற்கெனவே நடத்திவந்த மனநலப் பாடங்களைவிட மேலான பலன் எதையும் தரவில்லை. வகுப்புக்கு வெளியே பெரும்பாலானவர்கள் பயிற்சி செய்யவே இல்லை என்பதும் தெரிந்தது. ஆகவே வகுப்பில் சின்னதாக வையுங்கள்: இன்டர்வெல் முடிந்து வந்ததும் ஒன்றரை நிமிடம், பாதமும் சத்தமும் மட்டும். கண்ணை மூடச் சொல்லாதீர்கள். பிடிக்காதவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். "ஏம்ப்பா, நீதான் முக்கியமா பண்ணணும்" என்று ஒருவரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அந்தப் பையன் அதற்குப் பிறகு எதற்கும் வர மாட்டான். தேவைப்படுகிறவர்களை ஸ்டாஃப் ரூமுக்கு வெளியே தனியாகப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பதே மேல்.

நிறுத்த வேண்டிய இடம்

உட்காரும்போதெல்லாம் பழைய அடி, விபத்து, யாரோ தப்பாகத் தொட்டது போன்ற காட்சிகள் வந்தால் உடனே நிறுத்துங்கள். "இன்னும் கொஞ்சம் தாங்கு" என்ற பேச்சே கூடாது. அது மனநல மருத்துவரோ உளவியலாளரோ கூட இருந்து செய்ய வேண்டிய வேலை. இரண்டு வாரத்துக்கு மேல் சரியான தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, பள்ளிக்குப் போகவே மறுக்கிறது என்றாலும் பயிற்சியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். "நான் இல்லாமப் போனா நல்லாயிருக்கும்" என்ற ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் அன்றே பேச வேண்டும். பிள்ளையைத் தனியாக விடக் கூடாது.

டெலி-மானஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவிச் சேவையின் எண் 14416. 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கியது, தமிழில் பேசலாம். தமிழக அரசின் 104 மருத்துவ உதவித் தொலைபேசிச் சேவையிலும் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். பிள்ளைக்கு வீட்டிலோ வெளியிலோ ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. கவனக் குறைபாடா என்று பார்க்க அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைக் கவனிக்கும் அரசின் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் 18 வயதுவரை பார்க்கின்றன.

தேர்வு நாள்

தேர்வறையில் புதிதாக எதையும் முயலக் கூடாது. குறைந்தது மூன்று வாரம் வீட்டிலும், இரண்டு ரிவிஷன் டெஸ்டிலும் செய்து பழகியதை மட்டும் கொண்டுபோகட்டும்.

மையத்துக்கு வெளியே "இது கண்டிப்பா வருமாம்" என்று ஒரு கூட்டம் நிற்கும். பதற்றமுள்ள பிள்ளை அதில் நிற்க வேண்டாம். சுவரோரம் இருபது எட்டு நடக்கட்டும். செருப்பை வெளியே விடச் சொல்லும் மையம் என்றால் இன்னும் நல்லது. வெறும் பாதம் தரையில் படும், தினமும் கால் கழுவிய ஈரத்தோடு பழகியது இங்கே கைகொடுக்கும்.

தமிழகப் பொதுத்தேர்வில் 10.00 மணிக்கு வினாத்தாள், படித்துப் பார்க்க 10 நிமிடம், விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம், 10.15க்கு எழுதத் தொடங்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம்தான் பலருக்குப் பதறும் நேரம், எழுதவும் முடியாது என்பதால். தாள் கைக்கு வந்ததும் பாதத்தைத் தரையில் அழுத்தி மூன்று நீள வெளிமூச்சு. அது அரை நிமிடம். பிறகு விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். "ஏதேனும்" என்ற சொல்லிலும் "கட்டாய வினா" என்ற குறிப்பிலும் விரல் ஒரு நொடி நிற்கட்டும். கவனம் சிதறும் பிள்ளைகள் மதிப்பெண்ணை இழக்கும் இடங்களில் முக்கியமானது இது: விடை தெரியும், கட்டாய வினாவை விட்டுவிட்டு வேறொன்றை எழுதிவிட்டு வருவார்கள். பதிவெண்ணையும் விரல் வைத்து ஒவ்வொரு இலக்கமாகப் பார்க்க வேண்டும்.

நடுவில் பிளாங்க் ஆனால்: பேனாவைக் கீழே வைக்க வேண்டும். பேனா கையில் இருந்தால் "எழுது, எழுது" என்று அவசரப்படுத்தும். பாதத்தை ஐந்து நொடி அழுத்த வேண்டும். உள்ளங்கையை மேஜையில் பதித்து அதன் குளிர்ச்சியைப் பார்க்க வேண்டும். மூன்று வெளிமூச்சு. பிறகு அதே கேள்வியோடு மல்லுக்கட்டாமல், நன்றாகத் தெரிந்த வேறொரு கேள்வியை எண் போட்டுத் தொடங்க வேண்டும். மொத்தம் ஒரு நிமிடம். மூன்று மணி நேரத்தில் நாலு தடவை ஆனாலும் நாலு நிமிடம்தான் போகும். உறைந்துபோய் உட்கார்ந்தால் இருபது நிமிடம் போகும். கணக்குத் தேர்வில் ஒவ்வொரு பக்கமும் முடியும்போது ஒரு மூச்சு விட்டு, கூட்டல் கழித்தல் குறிகளை மட்டும் மேலிருந்து கீழே ஒரு தடவை பார்க்கலாம்.

1.15க்கு வெளியே வந்ததும் ஒரு மார்க் விடைகளைச் சரிபார்க்கும் கூட்டம் மரத்தடியில் கூடியிருக்கும். "அப்புறம் சொல்றேன்டா, பசிக்குது" என்ற பதிலை முந்தின நாளே தயார் பண்ணிக்கொண்டு போகட்டும். வீட்டிலும் முதல் கேள்வி "எப்படி எழுதினே?" என்று இருக்க வேண்டாம். சோற்றைப் போடுங்கள். சாயங்காலம் கால் கழுவிய பிறகு, வழக்கமான இரண்டு நிமிடம்.